பள்ளி ஆலோசகர்களும் தரவும்: சமவாய்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரத்தில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் போன்ற இடங்களில் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்காகவும், பள்ளி ஆட்சிக்குழுவில் இருக்கும் பெற்றோருக்காகவும் எழுதிய பக்கம் இது. மென்பொருள் அறிவு அதிகம் தேவையில்லை. எக்செல் தெரிந்தால் போதும். அதுவும் தெரியாவிட்டால் ரூல் போட்ட நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

சமவாய்ப்பு என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு ஒரு கதவு திறந்து, மற்றவருக்கு அது மூடியிருந்தால் அங்கே சமவாய்ப்பு இல்லை. எல்லாரும் ஒரே மதிப்பெண் எடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பள்ளி எடுக்கும் முடிவுகள் எவை, அவை யார் மேல் எப்படி விழுகின்றன என்று பார்க்கச் சொல்கிறோம். 10ஆம் கிரேடில் மேத்ஸா மேத்ஸ் லிட்டரசியா (அன்றாட வாழ்க்கைக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் எளிய பாடம்), யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாருடைய கட்டண விலக்கு விண்ணப்பத்தை ஏற்பது, யாரைக் கூப்பிட்டுப் பல்கலைக்கழகப் படிவம் நிரப்பச் சொல்வது என எல்லாமே பெரியவர்கள் எடுக்கும் முடிவுகள். பிள்ளையின் குறையைத் தேடிப் போனால் தரவு அதைத்தான் காட்டும். முடிவுகளைத் தேடிப் போனால் நம்மால் மாற்றக்கூடியதைக் காட்டும்.

எங்கள் பள்ளியில் ஆலோசகர் என்று யாரும் இல்லையே?

பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நிலைமை இதுதான். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. இங்கே அந்த வேலையை லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்க்கைத் திறன் பாடம்) ஆசிரியர், துறைத்தலைவர், பள்ளி ஆதரவுக்குழு ஆகியோர் பங்கிட்டுச் செய்கிறார்கள். பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும் சரி. ஒருவர் பொறுப்பேற்று, ஆதரவுக்குழு கூட்டத்தில் ஒவ்வொரு டெர்மும் ஒரே ஒரு தாளை மேசைமேல் வைத்தால் போதும். குழு முழுவதும் பொறுப்பு என்று விட்டால் தாள் மேசைக்கு வராது.

எந்தத் தரவெல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கிறது?

நினைப்பதைவிட அதிகம். பள்ளி நிர்வாக மென்பொருளான எஸ்.ஏ.-சாம்ஸில் ஒவ்வொரு மாணவரின் பிறந்த தேதி, பாலினம், வீட்டுமொழி, பாடங்கள், டெர்ம் மதிப்பெண், வராத நாள்கள் எல்லாம் உள்ளன. மாவட்டம் வழியாக அதே தரவு வரைபடங்களாகத் தரவுப்பலகையிலும் வருகிறது. அதைத் திறக்கும் உரிமை உங்கள் பெயருக்கு உண்டா என்று பிரின்சிபலிடம் கேளுங்கள். இவற்றைத் தவிர ஒழுங்குப் புத்தகம், தாமதப் புத்தகம், கட்டண விலக்குக் கோப்பு, ஆதரவுக்குழுவின் எஸ்.என்.ஏ. படிவங்கள் (பிள்ளைக்கு என்ன ஆதரவு தேவை என்று மதிப்பிடுபவை), பாடத் தேர்வுப் படிவங்கள் ஆகியவை பெரும்பாலும் காகிதத்தில் தனித்தனி அலமாரிகளில் கிடக்கும். உண்மையான கண்டுபிடிப்புகள் இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும்போதுதான் வரும்.

இணைக்கும்போது பெயரை நம்பாதீர்கள். ஒரே கிரேடில் ‘கோவெண்டர்’, ‘நாயுடு’, ‘பிள்ளை’, ‘மூட்லி’ என்று பத்துப் பேர் இருப்பார்கள்; முதலெழுத்தும் ஒன்றாக இருக்கும். சூலுப் பெயர்களில் ஓர் எழுத்து மாறினாலும் எக்செல் அதை வேறு ஆளாக எடுத்துக்கொள்ளும். எல்லாத் தாளிலும் சேர்க்கை எண்ணை முதல் நிரலாகப் போடுங்கள்.

எந்த இடத்தில் தொடங்குவது?

உயர்நிலைப் பள்ளி என்றால் 9ஆம் கிரேடு முடிவில் நடக்கும் பாடத் தேர்வில் தொடங்குங்கள். பிள்ளையின் வாழ்க்கையை இவ்வளவு தூரம் தீர்மானிக்கும் வேறு முடிவைப் பள்ளி எடுப்பதில்லை. மேத்ஸ் லிட்டரசி நல்ல பாடம்தான். ஆனால் அதை எடுத்த பிள்ளைக்குப் பொறியியலும் கணக்கியல் பட்டமும் பெரும்பாலான அறிவியல் படிப்புகளும் மூடிவிடுகின்றன. மேத்ஸிலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு இறங்குவது எளிது. மேலேறி வருவது நடைமுறையில் மிகக் கடினம்.

சென்ற ஆண்டு 9ஆம் கிரேடு முடித்த எல்லாரையும் பட்டியலிட்டு, ஆண்டிறுதி மேத்ஸ் மதிப்பெண்ணையும் 10இல் எடுத்த பாடத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு 40–49, 50–59, 60–69 என்று பட்டைகளாகப் பிரியுங்கள். 70க்கு மேலும் 40க்குக் கீழும் விவாதம் குறைவு. சிக்கல் நடுப்பட்டைகளில்தான் இருக்கும், ஏனென்றால் அங்கேதான் ஆசிரியரின் கணிப்பு முடிவெடுக்கிறது. ஒவ்வொரு பட்டைக்குள்ளும் யார் மேத்ஸில், யார் மேத்ஸ் லிட்டில் என்று வீட்டுமொழி, பாலினம், 9ஆம் கிரேடில் படித்த பிரிவு ஆகியவற்றின்படி எண்ணுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ஒரே மதிப்பெண்ணுக்கு 9ஏ பிரிவுப் பிள்ளைகள் மேத்ஸுக்கும் 9எஃப் பிள்ளைகள் மேத்ஸ் லிட்டுக்கும் போவது பல பள்ளிகளில் பழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தக் கணக்கை ஓர் உதாரணத்தோடு காட்ட முடியுமா?

முறை விளங்குவதற்காகப் போட்ட எண்கள் இவை. 50–59 பட்டையில் வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் 30 பேர். அவர்களில் 21 பேர் மேத்ஸ் எடுத்தார்கள், அதாவது 70 சதவீதம். சூலு பேசும் பிள்ளைகள் 40 பேர். 16 பேர் மேத்ஸ், அதாவது 40 சதவீதம். 40ஐ 70ஆல் வகுத்தால் 0.57.

அமெரிக்க வேலைவாய்ப்பு வழிகாட்டு விதிகளில் ‘ஐந்தில் நான்கு பங்கு’ என்று ஓர் எல்லை உண்டு: விகிதம் 0.8க்குக் கீழே போனால் நின்று காரணம் கேள். பள்ளிக்கும் அதை எச்சரிக்கைக் குறியாக வைத்துக்கொள்ளலாம். அது குற்றத்தை நிரூபிப்பதில்லை. கேள்வி கேட்க வைக்கிறது.

அடுத்த படியைப் பலர் தவறவிடுகிறார்கள். விகிதத்தைப் பிள்ளைகளாக மாற்றுங்கள். சூலு பேசும் 40 பேரிலும் 70 சதவீதம் மேத்ஸ் எடுத்திருந்தால் 28 பேர். இப்போது இருப்பது 16. இடைவெளி 12 பிள்ளைகள். ‘0.57’ என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். ‘இந்த மதிப்பெண்ணில் மேத்ஸுக்குப் போகாத 24 பேரின் பட்டியல் இது, இவர்களில் யாரோடெல்லாம் உட்கார்ந்து பேசினோம்?’ என்று கேட்டால் பேச்சு வேறு திசைக்குப் போகும்.

எந்தெந்தப் பிரிவுகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்?

இன வகைப்பாடு படிவங்களில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் இந்தியர்களுக்கென்று வகுக்கப்பட்ட ஊர்கள் நம்முடையவை. இன்று அந்தப் பள்ளிகளின் வகுப்பறைகளில் சூலு பேசும் பிள்ளைகள் பெருமளவில் இருக்கிறார்கள். ஆசிரியர் அறையின் கலவை அதே வேகத்தில் மாறவில்லை. நம் தாத்தாக்களுக்கு எந்தக் கதவுகள் மூடியிருந்தன என்று அறிந்த சமூகம், தன் பள்ளியில் இன்று எந்தக் கதவு யாருக்கு மூடியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டது.

ஆனால் இனத்தோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும். வீட்டில் பேசும் மொழி, அரசின் குழந்தை உதவித்தொகை பெறும் குடும்பமா என்பது, யாருடைய பராமரிப்பில் இருக்கிறார், பள்ளிக்கு எத்தனை டாக்சி மாறி வருகிறார், முன்பு எந்தத் தொடக்கப்பள்ளி ஆகியவற்றையும் பாருங்கள். ஆயாவிடமும் தாத்தாவிடமும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் நிறைய. பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வராத வீடு என்று இவர்களை ஒதுக்கிவிடுவது எளிது.

ஒரே நேரத்தில் இரண்டு பிரிவுகளுக்கு மேல் குறுக்கே வெட்டாதீர்கள். மொழி, பாலினம், உதவித்தொகை மூன்றையும் சேர்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் நான்கைந்து பேர்தான் மிஞ்சுவார்கள்.

எண்ணிக்கை சிறிதாக இருந்தால்?

5 பேர் உள்ள பிரிவில் ஒரு பிள்ளை மாறினால் 20 சதவீதம் மாறும். 10 பேருக்குக் குறைவான பிரிவுக்குச் சதவீதமே போடாதீர்கள். மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராக எடுத்துப் பேசுங்கள். தமிழைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகள் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இந்த நிலைதான் வரும்.

எங்கள் பள்ளி குவின்டைல் 5. ஏழைப் பிள்ளைகள் எங்களிடம் குறைவுதானே?

குவின்டைல் என்பது பள்ளிகளை 1 (மிக ஏழை) முதல் 5 வரை அரசு பிரிக்கும் வரிசை. அது பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வருகிறது: வருமானம், வேலையின்மை, கல்வி. பள்ளிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமிருந்து அது வருவதில்லை. குவின்டைல் 1 முதல் 3 வரை கட்டணமில்லாப் பள்ளிகள். அரசின் பள்ளி உணவுத் திட்டமும் முக்கியமாக இவற்றுக்குத்தான். செங்கல் வீடுகள் நிறைந்த தெருவில் பள்ளி நிற்கும். பிள்ளைகள் பாதிப் பேர் தகரக் குடியிருப்புகளிலிருந்து வருவார்கள். பள்ளிக்கு 4 அல்லது 5 என்ற எண், பிள்ளைக்குக் காலைப் பசி.

எனவே குவின்டைல் எண்ணை வைத்து ஒரு பிள்ளையின் நிலையை ஊகிக்காதீர்கள். உங்கள் பள்ளியில் உதவித்தொகை பெறும் பிள்ளைகளின் விகிதம் என்ன என்று எண்ணிக் கையில் வையுங்கள். குவின்டைலை மறுபரிசீலனை செய்யும்படி ஆட்சிக்குழு மாகாணத் துறைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த எண்தான் பேசும்.

முகவரியை வைத்துப் பிள்ளை எங்கிருந்து வருகிறார் என்று கண்டுபிடிக்கலாமா?

வேண்டாம். சேர்க்கை கிடைப்பதற்காகச் சித்தி வீட்டு முகவரியையோ தெரிந்தவர் முகவரியையோ கொடுத்திருப்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இடம்பெயர்ந்த குடும்பங்களின் பழைய முகவரி அப்படியே இருக்கவும் கூடும். ‘காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், எத்தனை வண்டி மாறுகிறாய்?’ என்று வகுப்பில் கேளுங்கள். பதில் சரியாக வரும். இந்தப் பதிலை வைத்து முகவரிப் பொய்யைப் பிடிக்க மாட்டோம் என்று பிரின்சிபலிடம் முன்கூட்டியே உறுதி வாங்குங்கள். ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் பிறகு எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது.

மொழியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

பழைய இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலும் ஆங்கிலம் ‘ஹோம் லாங்குவேஜ்’ நிலையில், அதாவது வீட்டிலும் அதையே பேசுபவர்களுக்கான நிலையில், கற்பிக்கப்படுகிறது. வீட்டில் சூலு பேசும் பிள்ளையும் அதே தாளை எழுதுகிறது. 7 முதல் 9 வரையிலான கிரேடுகளுக்கான தேர்ச்சி விதியில் ஹோம் லாங்குவேஜுக்கு 50, கூடுதல் மொழிக்கு 40, மேத்ஸுக்கு 40 என்று இருக்கிறது. வேறு பள்ளியில் சூலுவை ஹோம் லாங்குவேஜாகவும் ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகவும் எடுத்திருந்தால் இதே பிள்ளை ஆங்கிலத்தில் 40 எடுத்தே தாண்டியிருக்கும்.

ஆகவே 8, 9ஆம் கிரேடுகளில் தங்கிப்போன பிள்ளைகளைப் பட்டியலிட்டு, ஆங்கிலம் ஒன்றினால் மட்டுமே தங்கியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 40க்கும் 49க்கும் இடையே நின்றவர்களைத் தனியாகக் குறியுங்கள். இவர்களுக்கு வாரம் இரண்டு முறை, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியும் எழுத்துப் பயிற்சியும் தேவை. ‘சோம்பேறி’ என்ற குறிப்பு தேவையில்லை. மேத்ஸ் தாளிலும் இதையே சோதிக்கலாம்: வெறும் எண் கணக்குகளில் எத்தனை, வாசகக் கணக்குகளில் எத்தனை என்று ஒரே தாளைப் பிரித்துத் திருத்திப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் பிரச்சினை கணக்கில் இல்லை.

இன்னொரு பொறி: சாம்ஸில் ‘வீட்டுமொழி’ நிரலில் ஆங்கிலம் என்றே எல்லாருக்கும் விழுந்திருக்கலாம். சேர்க்கை நேரத்தில் அலுவலகம் பள்ளியின் மொழியைப் போட்டுவிடும், அல்லது இடம் கிடைக்காதோ என்று பயந்து பெற்றோரே அப்படி எழுதுவார்கள். பிரித்துப் பார்க்கும் முன்பு ஒரு வகுப்பை எடுத்து நேரில் கேட்டுச் சரிபாருங்கள். பத்தில் இரண்டு தவறாக இருந்தாலே முழு நிரலையும் திருத்திய பிறகுதான் கணக்குப் போட வேண்டும்.

வருகைப் பதிவிலிருந்து என்ன தெரியும்?

மொத்தச் சதவீதத்திலிருந்து அதிகம் தெரியாது. ‘வருகை 93 சதவீதம்’ என்பதில், எல்லாரும் அவ்வப்போது விடுப்பு எடுத்தார்களா, 20 பேர் மாதக்கணக்கில் வரவில்லையா என்பது மறைந்துபோகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வராத நாள்களை எண்ணி, பள்ளி நடந்த நாள்களில் 10 சதவீதத்தைத் தாண்டியவர்களை வட்டமிடுங்கள். 50 நாள் டெர்மில் அது 5 நாள்.

பிறகு எந்த நாள் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமைகள் விடுபட்டால் வார இறுதி வேலை அல்லது டாக்சிக் காசு தீர்ந்துபோனது. மாதக் கடைசியில் விடுபட்டால் வீட்டில் பணமில்லை. மாதம் ஒருமுறை மூன்று நான்கு நாள் பெண்பிள்ளைகள் வராமலிருந்தால் நாப்கின் வாங்க வழியில்லையா என்று பெண் ஆசிரியர் ஒருவர் மெதுவாகக் கேட்கலாம். உதவித்தொகை வாங்கும் நாளில் ஆயாவுக்குத் துணையாகப் போகும் பிள்ளையும் உண்டு.

தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறை இல்லை. காவடி நாளும் அப்படியே. சமயக் காரணத்துக்கான விடுப்பைத் துறையின் வருகைக் கொள்கை ஏற்கிறது. அதற்குத் தனிக் குறியீடு போடுங்கள். கணக்கிடும்போது அதை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தமிழ், இந்து, முஸ்லிம் பிள்ளைகளின் வருகை காரணமின்றிக் குறைவாகத் தெரியும். தீபாவளி அக்டோபர், நவம்பரில் வருவதால் பள்ளி வைக்கும் தேர்வும் அதே வாரத்தில் விழலாம். அட்டவணை போடும் முன்பே நாள்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடர்ந்து 10 பள்ளி நாள்கள் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கக் கொள்கை இடம் கொடுக்கிறது. அந்த நாள் வரும் வரை காத்திருந்தால் தாமதம். மூன்றாம் நாளே வீட்டுக்குப் போன் போக வேண்டும். யார் பேசினார், என்ன பதில் வந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

ஒழுங்கு நடவடிக்கைகளை எப்படிப் படிப்பது?

குற்றங்களை இரண்டாகப் பிரியுங்கள். யார் பார்த்தாலும் ஒன்றாகவே தெரிபவை ஒரு பக்கம்: தாமதம், கைபேசி, சீருடை, வகுப்பைத் தவிர்த்தல். பார்ப்பவரின் கணிப்பைப் பொறுத்தவை மறுபக்கம்: மரியாதைக் குறைவு, எதிர்த்துப் பேசுதல், ‘நடத்தை சரியில்லை’. முதல் வகையில் எல்லாப் பிரிவும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருந்து, இரண்டாம் வகையில் ஒரு பிரிவு மட்டும் மூன்று மடங்கு இருந்தால், கேள்வி பிள்ளைகளைப் பற்றியது மட்டுமல்ல. எந்தப் பாட நேரம், எந்த அறை என்றும் பாருங்கள். பெரும்பாலான பதிவுகள் இரண்டு மூன்று வகுப்பறைகளிலிருந்தே வந்திருக்கும். அந்த ஆசிரியர்களுக்குக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல், தனியாக, உதவியாகப் பேச வேண்டும்.

தண்டனையாக இடைநீக்கம் செய்ய ஆட்சிக்குழு முறையான விசாரணை நடத்த வேண்டும். அதிகபட்சம் 7 பள்ளி நாள்கள். ஆனால் புத்தகத்தில் ஏறாத இடைநீக்கம்தான் அதிகத் தீங்கு செய்கிறது: ‘அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, அதுவரை வராதே.’ வேலைக்குப் போகும் அம்மா நான்கு நாள் கழித்துத்தான் வர முடியும். அந்த நான்கு நாளும் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று பிள்ளையின் கணக்கில் விழும். ஒழுங்குப் புத்தகத்துத் தேதியையும் வருகைப் பதிவையும் பக்கத்தில் வைத்து, ஒரு பதிவுக்கு அடுத்த நாளிலேயே விடுப்பு தொடங்கும் இடங்களை எண்ணுங்கள். இதைச் செய்து பார்க்காத பள்ளிக்குத் தன் உண்மையான இடைநீக்க எண்ணிக்கை தெரியாது.

கட்டண விலக்கிலும் தரவு வேலை உண்டா?

உண்டு. ஆண்டுக் கட்டணத்தையும் பள்ளி கேட்கும் பிற தொகைகளையும் கூட்டி, பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு விலக்கு. அதற்குக் கீழே பகுதி விலக்குக்கு அட்டவணை உண்டு. கட்டணம் 9,000 ராண்ட், வருமானம் 84,000 ராண்ட் என்றால் 10.7 வரும்: முழு விலக்கு. பிள்ளைக்காக உதவித்தொகை வாங்குபவருக்கு அந்தப் பிள்ளையின் கட்டணத்தில் விலக்கு தானாகவே உண்டு. மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் மாகாணத் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பார்க்க வேண்டியது இதுதான்: உதவித்தொகை பெறும் பிள்ளைகள் எத்தனை பேர், விலக்குக் கோப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர்? முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால், விலக்கு உண்டு என்பதே வீடுகளுக்குத் தெரியவில்லை, அல்லது கேட்க வெட்கப்படுகிறார்கள். நம் வீடுகளில் ‘கையேந்தக் கூடாது’ என்ற மானம் பெரிது. கடிதத்தை ஆங்கிலத்திலும் சூலுவிலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாகக் கொடுங்கள். கேட்பவருக்கு மட்டும் கொடுத்தால் வெட்கம்தான் ஜெயிக்கும். கட்டணம் கட்டாததற்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்தோ பள்ளி நிகழ்ச்சியிலிருந்தோ விலக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதில் என்ன சாய்வு வருகிறது?

2014ஆம் ஆண்டின் கண்டறிதல், ஆதரவு கொள்கைப்படி எஸ்.என்.ஏ. 1 வகுப்பாசிரியர், எஸ்.என்.ஏ. 2 பள்ளிக் குழு, எஸ்.என்.ஏ. 3 மாவட்டக் குழு. சத்தம் போடும் பையன்களின் படிவம் விரைவாக நகரும். அமைதியாகப் பின்வரிசையில் தோற்கும் பெண்பிள்ளைக்குப் படிவமே தொடங்காது. மூன்று பாடத்துக்கு மேல் தோற்ற எல்லாரையும் எடுத்து, அவர்களில் யாருக்கு எஸ்.என்.ஏ. 1 இல்லை என்று பாருங்கள். ஒவ்வொரு படிவத்திலும் தேதியைக் குறியுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக யாருக்கு எத்தனை வாரம் ஆனது என்பதே ஒரு சமவாய்ப்புக் கணக்கு. கண், காது சோதனை நடந்ததா என்பதையும் முதலில் கேளுங்கள்.

மெட்ரிக் (12ஆம் கிரேடு இறுதித் தேர்வு) தேர்ச்சி விகிதம் நன்றாக இருக்கிறதே, போதாதா?

எதிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களில் கணக்கிடப்படுகிறது. 10ஆம் கிரேடில் நுழைந்தவர்களில் 12 வரை வராமல் போனவர்கள் அந்த எண்ணிலேயே இல்லை. மூன்று ஆண்டுக்கு முன்னால் 10ஆம் கிரேடில் இருந்த பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதுங்கள்: நேராக 12க்கு வந்தார், தங்கினார், வேறு பள்ளிக்கு மாறினார், தொழிற்கல்லூரி போனார், எங்கே என்று தெரியவில்லை. ‘மாறினார்’ என்றால் புதிய பள்ளி தரவைக் கேட்டு வாங்கியதற்குச் சான்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘தெரியவில்லை’யில் போடுங்கள். தேர்ச்சி விகிதம் ஏறிக்கொண்டே போகும் அதே ஆண்டுகளில் இந்தக் கடைசி நிரலும் நீண்டுகொண்டே போனால், பலவீனமான பிள்ளைகள் வெளியே தள்ளப்படுகிறார்களா என்று ஆட்சிக்குழு கேட்க வேண்டும்.

எழுதியவர்களிலும் தேர்ச்சி வகையைப் பிரியுங்கள். இளநிலைப் பட்டத்துக்குத் தகுதி பெறும் தேர்ச்சிக்கு லைஃப் ஓரியன்டேஷன் தவிர்த்து நான்கு பாடங்களில் 50 வேண்டும். டிப்ளமோ தகுதிக்கு நான்கில் 40. நான்காவது பாடத்தில் 45க்கும் 49க்கும் இடையே நின்ற பிள்ளைகளை ஜூன் தேர்விலேயே கண்டுபிடித்தால் கடைசித் தேர்வுக்குள் ஏதாவது செய்ய முடியும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதைக் கண்காணிக்க வேண்டும்?

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கோசுத்து, சூலுலாந்து பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கு மைய விண்ணப்ப அலுவலகம் வழியாகவே விண்ணப்பம். 11ஆம் கிரேடு மதிப்பெண்ணை வைத்துத்தான் முதல் கணிப்பு நடக்கும். ஒவ்வொரு 12ஆம் கிரேடு பிள்ளைக்கும் ஐந்து கட்டங்கள் போதும்: அடையாள அட்டை, மின்னஞ்சல், விண்ணப்பம் போட்டாரா, விண்ணப்பக் கட்டணம் கட்டினாரா, என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். (உயர்கல்விக்கான அரசு நிதியுதவித் திட்டம்) உதவிக்கு எழுதினாரா. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வெறுமையாக இருக்கும் கட்டங்களை எண்ணுங்கள். பட்டத்துக்குத் தகுதியுள்ள மதிப்பெண் இருந்தும் மூன்றாம், நான்காம் கட்டம் வெறுமையாக உள்ள பிள்ளைகள்தான் முதலில் கவனிக்க வேண்டியவர்கள். படிவம் தொடங்கியும் கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்றுவிடுவது மிகச் சாதாரணம்.

என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவிக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 350,000 ராண்ட். பெற்றோர் ஒருவர் பிரிந்து போயிருந்தால் வருமானச் சான்றில் சிக்கல் வரும்; அந்த வீடுகளை ஜூலையிலேயே கூப்பிடுங்கள். அடையாள அட்டைக்கு 16 வயதிலேயே விண்ணப்பிக்கலாம், எனவே அந்தக் கட்டத்தை 10ஆம் கிரேடிலிருந்தே நிரப்பத் தொடங்குங்கள். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளையைப் பள்ளி ஒதுக்கக் கூடாது என்று 2019 டிசம்பரில் மக்காண்டா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் ஆவணம் இல்லாமல் மேலே போகும்போது அந்தப் பிள்ளை தடுக்கி விழும்.

பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்கலாமா?

கேட்க வேண்டும். நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம், பெயரும் வேண்டாம். கிரேடும் வீட்டுமொழியும் போதும். ‘உன் பாடங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்?’, ‘பிரச்சினை வந்தால் இந்தப் பள்ளியில் யாரிடம் போவாய்?’ இரண்டாவதற்கு ‘யாரிடமும் இல்லை’ என்ற பதில் எந்தப் பிரிவில் குவிகிறது என்று பாருங்கள்.

இந்தத் தாளைச் சக ஆசிரியர்களிடம் காட்டினால் கோபப்படுவார்களே?

‘எங்களை இனவாதிகள் என்கிறீர்களா?’ என்ற கேள்வி வரும். அதனால் முதல் தாளை ஒருவரின் வகுப்பைப் பற்றியதாக இல்லாமல் பள்ளி முழுவதையும் பற்றியதாக வையுங்கள். எண்ணைக் காட்டும் முன்பு, ‘50–59 எடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் மேத்ஸ் போயிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டு ஊகங்களை எழுதி வாங்குங்கள். தாங்களே எழுதிய ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்பவர் சண்டைக்கு வருவது குறைவு. காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களைச் சொல்ல விடுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு வரைபடம், ஒரு முடிவு, ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி.

செய்த உதவி பலித்ததா என்று எப்படி அறிவது?

மூன்று வகையாக எண்ணுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், அவர்களுடைய அறிவிலோ எண்ணத்திலோ என்ன மாறியது, கடைசியில் எது மாறியது. ‘பாடத் தேர்வுக் கூட்டத்துக்கு 80 பெற்றோர் வந்தார்கள்’ என்பதோடு அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. அடுத்த பிப்ரவரியில் அதே நடுப்பட்டையில் மேத்ஸ் எடுத்தவர் விகிதம் 0.57இலிருந்து நகர்ந்ததா என்பதுதான் கேள்வி. அதோடு நிறுத்தாமல், மேத்ஸுக்கு வந்தவர்கள் 10ஆம் கிரேடு முடிவில் நிலைத்தார்களா என்றும் பாருங்கள். கதவைத் திறந்துவிட்டு உள்ளே உதவி வைக்காவிட்டால் ஜூனில் பாதிப் பேர் மேத்ஸ் லிட்டுக்கு இறங்கிவிடுவார்கள், ‘நாங்கள் சொன்னோமே’ என்ற பேச்சும் கூடவே வரும்.

மோசமான மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பிடித்து உதவினால் அடுத்த தேர்வில் சிலர் தாமாகவே சற்று ஏறுவார்கள். எனவே உதவி பெறாத, அதே பட்டையில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிடாமல் வெற்றி என்று அறிவிக்காதீர்கள்.

தனியுரிமைச் சட்டம் இதையெல்லாம் அனுமதிக்கிறதா?

2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் உள்ளது. 18 வயதுக்குட்பட்டவரின் தகவலுக்கும், இனம், சமயம், உடல்நலம் பற்றிய தகவலுக்கும் கூடுதல் பாதுகாப்பு உண்டு. பள்ளி தன் கடமைக்காக வைத்திருக்கும் தகவலை அதே நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம். புதிதாக எதையாவது திரட்டினால் ஏன் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள், ஒப்புதல் தேவையா என்று தகவல் அதிகாரியான பிரின்சிபலிடம் கேளுங்கள்.

நடைமுறையில் கசிவு எப்போதும் ஒரே வழியில்தான்: பட்டியலைப் படம் எடுத்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. பெயர்ப் பட்டியல் கடவுச்சொல் போட்ட ஒரே கோப்பில், ஒரே கணினியில் இருக்கட்டும். கூட்டத்துக்குச் செல்லும் தாளில் பெயர் இருக்கக் கூடாது. 10க்குக் குறைந்த கட்டங்களில் ‘10க்குக் கீழ்’ என்று மட்டும் எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கு வீட்டில் துன்புறுத்தல் நடப்பதாகத் தெரியவந்தால் அது இந்தக் கோப்பில் எழுதி வைக்கும் விஷயமே இல்லை. சிறுவர் சட்டத்தின் 110ஆம் பிரிவு, அதைச் சமூகநலத் துறைக்கோ காவல்துறைக்கோ அறிவிப்பதை ஆசிரியரின் கட்டாயக் கடமையாக்குகிறது.

நேரம் எங்கே இருக்கிறது?

ஜனவரியில் பட்டியலைச் சுத்தம் செய்ய இரண்டு மதியங்கள். பிறகு வருகைக்கும் ஒழுங்குக்கும் வாரம் 40 நிமிடம், அதுவும் வெள்ளிக்கிழமை இல்லாமல் திங்கட்கிழமை, அப்போதுதான் அந்த வாரத்திலேயே போன் செய்ய முடியும். டெர்ம் முடிவில் மதிப்பெண் பட்டியல் பூட்டப்பட்ட மறுநாள் ஒரு மதியம். மூன்றாம் டெர்ம் முழுவதும் பாடத் தேர்வுக்கும் விண்ணப்பங்களுக்கும். இதற்கு மேல் நேரம் இல்லையென்றால் ஒழுங்கு, விலக்கு எல்லாவற்றையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு 9ஆம் கிரேடு மேத்ஸ் பட்டியலை மட்டும் எடுங்கள்; பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்குப் போவதற்கு முன்பு நடுப்பட்டைப் பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் 10 நிமிடம் பேசி முடித்துவிடுங்கள்.